சீ-லேண்ட்: லாரி அதிபர் ஒருவர் தொடங்கிய கப்பல் நிறுவனம்

கேள்வி: உலகின் முதல் கண்டெய்னர் கப்பல் நிறுவனம் என்று சொல்லப்படும் சீ-லேண்ட் எப்படி உருவானது? அவ்வளவு பெரிய நிறுவனத்தின் பெயர் இன்று ஏன் புழக்கத்தில் இல்லை?

சென்னையில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் ஆவணப் பணியில் இருந்தவன் என்ற முறையில், இந்த நிறுவனத்தின் வரலாற்றை எனக்குக் கிடைத்த அளவில் ஆர்வத்தோடு படித்து வந்திருக்கிறேன். என் புரிதல் இதுதான்: சீ-லேண்டைத் தொடங்கியவர் கப்பல் தொழிலிலிருந்து வந்தவர் அல்லர், லாரித் தொழிலிலிருந்து வந்தவர். லாரி ஓட்டிப் பிழைத்தவர் இரண்டு கணக்குகளை மறக்கமாட்டார். வண்டி நின்றால் நட்டம், ரிட்டர்ன் லோடு இல்லாமல் திரும்பினாலும் நட்டம். சீ-லேண்டின் ஏற்றத்தை இந்த இரண்டு கணக்குகளையும் வைத்தே விளக்கிவிடலாம். இறக்கத்தின் பெரும்பகுதிக்கும் இவையே போதும்.

மால்கம் மெக்லீன் 1913இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மேக்ஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்து, 1934இல் 120 டாலருக்கு ஒரு பழைய லாரியை வாங்கினார். தம்பியையும் சகோதரியையும் சேர்த்துக்கொண்டு அவர் நடத்திய மெக்லீன் டிரக்கிங் நிறுவனம், இருபது ஆண்டுகளில் 1,700க்கும் மேற்பட்ட வண்டிகளைக் கொண்டதாக வளர்ந்தது. 1937இல் பஞ்சுப் பொதிகளை இறக்குவதற்காகத் துறைமுகத்தில் நாள் முழுவதும் காத்துக் கிடந்தபோதே கண்டெய்னர் யோசனை தோன்றியது என்று அவரே பிற்காலத்தில் சொன்ன கதை ஒன்று எங்கும் பரவியிருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை, ஏனென்றால் அதன்பின் பதினாறு ஆண்டுகள் அவர் அந்த யோசனையைத் தொட்டதற்கான அறிகுறியே கிடையாது. 1953 வாக்கில் கிழக்குக் கடற்கரையின் நெடுஞ்சாலைகள் கார்களால் நிரம்பி, லாரிகள் ஊர்ந்து செல்லும் நிலை வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசு மலிவு விலையில் விற்ற கப்பல்களை வைத்துக்கொண்டு கரையோரக் கப்பல் நிறுவனங்கள் குறைந்த கட்டணத்தில் சரக்கு ஏற்றிவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. டிரெய்லர்களைச் சாலையில் ஓட்டுவதற்குப் பதிலாகக் கப்பலில் ஏற்றி, போய்ச் சேரும் துறைமுகத்தில் வேறொரு லாரித் தலையில் மாட்டி ஓட்டினால் என்ன என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. கப்பலை அவர் சாலையின் தொடர்ச்சியாகப் பார்த்தார்.

அந்தப் பார்வை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அக்காலக் கப்பல் ஒன்றின் கணக்கே போதுமான சான்று. 1954இல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனுக்குச் சென்ற வாரியர் என்ற கப்பலை ஆய்வாளர்கள் பொருள் பொருளாகக் கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ 5,000 டன் சரக்கு, 1,94,582 தனித்தனி உருப்படிகளாக, 151 ஊர்களிலிருந்து வந்து சேர்ந்திருந்தது. பெட்டி, மூட்டை, பீப்பாய், கட்டு என்று ஒவ்வொன்றையும் மனிதர்கள் தூக்கி, கப்பலின் வயிற்றுக்குள் இடம் பார்த்து அடுக்கி, மரத்துண்டுகளை முட்டுக்கொடுத்துக் கட்டினார்கள். ஏற்றுவதற்கு 6 நாள், இறக்குவதற்கு 4 நாள், இடையில் கடலில் பத்தரை நாள். மொத்தச் செலவில் கடற்பயணத்தின் பங்கு 11.5 விழுக்காடுதான். இரு முனைகளிலும் சரக்கைக் கையாண்ட செலவு 37 விழுக்காட்டை நெருங்கியது. கப்பலை இன்னும் வேகமாக ஓட்டுவதாலோ இன்னும் பெரிதாகக் கட்டுவதாலோ இந்தக் கணக்கு மாறாது. கரையில் நிற்கும் நேரத்தைக் குறைத்தால்தான் மாறும். அந்த வாரியர், அலபாமாவின் மொபைல் நகரில் இயங்கிய வாட்டர்மன் நிறுவனத்துக்குச் சொந்தமான கப்பல். அதற்கு அடுத்த ஆண்டு வாட்டர்மன் நிறுவனமே மெக்லீன் கைக்கு வந்தது.

அது வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். லாரி நிறுவனம் கப்பல் நிறுவனத்தையும் வைத்துக்கொள்வதை அமெரிக்கச் சட்டம் எளிதில் அனுமதிக்கவில்லை. ரயில் நிறுவனங்களும் எதிர்த்தன. மெக்லீன் தம் லாரி நிறுவனப் பங்குகளை அறக்கட்டளையில் வைத்து, தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி, இறுதியில் அவற்றை விற்றே விட்டார். இருபது ஆண்டு உழைப்பில் கட்டியதை, இதுவரை யாரும் லாபம் காட்டாத ஒரு யோசனைக்காகக் கைவிடுவது சாதாரணத் துணிச்சல் அல்ல. 1955இல் வாட்டர்மனின் துணை நிறுவனமான பான்-அட்லாண்டிக்கை வாங்கினார். பின்னர் வாட்டர்மனையே 4 கோடியே 20 லட்சம் டாலருக்கு வாங்கினார். பெரும்பகுதி நேஷனல் சிட்டி வங்கியின் கடன், அந்தக் கடனிலும் கணிசமான தொகையை, தாம் வாங்கிய வாட்டர்மனின் கையிருப்பிலிருந்தே அடைத்தார். கடன் வாங்கிப் பெரிதாகச் செய்வது என்ற இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை.

தொடக்கத்தில் டிரெய்லரைச் சக்கரங்களோடு ஏற்றுவதாகத்தான் திட்டம். சக்கரங்கள் அடைக்கும் இடம் வீண் என்று தெரிந்ததும், சக்கரத்தையும் அடிச்சட்டத்தையும் கரையில் விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் ஏற்றுவது என்று முடிவாயிற்று. இதற்காக அவர் அழைத்தவர் கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர். அலாஸ்காவுக்குச் செல்லும் மிதவைகளுக்காக 1949இலேயே அலுமினியப் பெட்டிகளை வடிவமைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. மாதிரிக்கு வரவழைத்த இரண்டு பெட்டிகள் பால்டிமோர் கப்பல் தளத்துக்கு வந்தபோது, மெக்லீனும் அவருடைய அதிகாரிகளும் அவற்றின் கூரைமீது ஏறிக் குதித்து உறுதியைச் சோதித்துப் பார்த்தார்களாம். கூரை தாங்கியது, 200 பெட்டிகளுக்கு ஆர்டர் கிடைத்தது. நீளம் 33 அடி. போர்க்காலத்து டி-2 ரக எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 33 அடியின் மடங்குகளாகத்தான் இடம் அமைந்தது என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு காரணம் இல்லை. எண்ணெய்த் தொட்டிகளையும் குழாய்களையும் அப்படியே விட்டுவிட்டு, அவற்றுக்கு மேலே இரும்பு மேடை அமைத்தார்கள்.

இப்படி மாற்றப்பட்ட ஐடியல்-எக்ஸ் என்ற கப்பல், 1956 ஏப்ரல் 26 அன்று நியூ ஜெர்சியின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து 58 பெட்டிகளுடன் டெக்சாஸின் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கிரேன் சராசரியாக 7 நிமிடத்துக்கு ஒரு பெட்டியை ஏற்றியது. எட்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்து, கப்பல் அன்றே கிளம்பிவிட்டது. கணக்கு முடிந்தபோது, சாதாரணக் கப்பலில் சில்லறைச் சரக்கு ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆன இடத்தில், ஐடியல்-எக்ஸுக்கு ஆனது 15.8 சென்ட். ஏறத்தாழ 37 மடங்கு வித்தியாசம். பெட்டியில் சரக்கு அனுப்புவது அதற்கு முன்பும் உண்டு. ஐரோப்பிய ரயில்களில் 1920களிலேயே இருந்தது, வடமேற்குக் கனடாவுக்கென்று 1955இல் கட்டப்பட்ட கண்டெய்னர் கப்பலும் இருந்தது. ஆகவே முதல் கண்டெய்னர் கப்பல் என்று ஐடியல்-எக்ஸைச் சொல்வது சரியன்று. பெட்டி, கப்பல், கிரேன், லாரி, துறைமுக முற்றம் ஆகிய அனைத்தையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்த முதல் நிறுவனம் இது என்பதே பொருந்தும்.

அடுத்த ஆண்டே கேட்வே சிட்டி வந்தது. பழைய சரக்குக் கப்பல் ஒன்றின் உட்பகுதியில் செங்குத்தான இரும்பு வழிகாட்டிகளை நிறுத்தி, அவற்றுக்கு இடையில் 35 அடிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் முறை அதில்தான் நடைமுறைக்கு வந்தது. 226 பெட்டிகள் கொள்ளும். துறைமுகங்களில் ஏற்ற கிரேன் இல்லாததால் கப்பலின் மீதே நகரும் கிரேன்களைப் பொருத்தினார்கள். இன்றைய கண்டெய்னர் கப்பலின் எலும்புக்கூடு இதுவே.

இதன் இன்னொரு பக்கத்தை வேகமாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. 1958இல் போர்ட்டோ ரிக்கோவுக்குக் கப்பல் விட்டபோது, சான் ஹுவான் தொழிலாளர்கள் பெட்டிகளைத் தொட மறுத்தார்கள். நான்கு மாதம் கழித்து, தேவைக்கு மேற்பட்ட ஆட்களை அமர்த்த நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகுதான் வேலை தொடங்கியது. அவர்களுடைய அச்சம் வீணானதன்று. 1960இல் சீ-லேண்ட் சர்வீஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட பான்-அட்லாண்டிக் நிறுவனம், 1962இல் நியூ ஜெர்சியின் எலிசபெத் சதுப்பு நிலத்தில் உருவான புதிய முனையத்துக்கு முதல் வாடிக்கையாளராகக் குடிபெயர்ந்தது. பரந்த முற்றமும் நெடுஞ்சாலையும் அங்கேதான் இருந்தன. எதிர்க்கரையில் மன்ஹாட்டனிலும் புரூக்ளினிலும் தலைமுறை தலைமுறையாகத் துறைமுகத்தை நம்பி வாழ்ந்த தெருக்கள் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வேலையற்றுப் போயின. தொழிற்சங்கங்கள் போராடி, 1960களின் நடுவில் நியூயார்க் தொழிலாளர்களுக்கு ஆண்டு வருமான உறுதியைப் பெற்றுக்கொடுத்தன. மேற்குக் கரையில் 1960லேயே, இயந்திரமயத்தை ஏற்றுக்கொண்டு அதன் லாபத்தில் பங்கு கேட்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. டன்னுக்கு மிச்சமான அந்த ஐந்து டாலர் அறுபத்தேழு சென்ட், பெரும்பாலும் யாரோ ஒருவரின் கூலி. சீ-லேண்டைப் புகழும் கட்டுரைகள் பல இதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

சீ-லேண்ட் செய்தவற்றுள் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது 1963இல் நடந்தது. கண்டெய்னரை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு, அதன் எட்டு மூலைகளிலும் கனத்த வார்ப்பு எஃகுத் துண்டுகள் இருப்பது தெரிந்திருக்கும். நம் ஊரில் கார்னர் காஸ்டிங் என்பார்கள். ஒவ்வொன்றிலும் நீள்வட்டமான துளை உண்டு. டிரெய்லரின் மேல்தட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ட்விஸ்ட்லாக் என்ற பூட்டின் கூம்புத் தலை அந்தத் துளைக்குள் நுழைந்ததும், கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினால் தலை குறுக்கே திரும்பிப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். கப்பலில் ஒரு பெட்டி மற்றொன்றின்மீது நிற்பதும், கிரேன் பெட்டியைத் தூக்குவதும் இதே துளையை நம்பித்தான். இதன் மூல வடிவம் டான்ட்லிங்கருடையது, காப்புரிமை சீ-லேண்டுடையது. அப்போது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு நீளமும் ஒரு பூட்டும் வைத்திருந்தது. ஹவாய்க்குக் கப்பல் விட்ட மேட்சன் நிறுவனத்தின் பெட்டி 24 அடி. பொதுத் தரம் வகுக்க முயன்ற குழு, பூட்டு விஷயத்தில் முட்டி நின்றது. டான்ட்லிங்கர் அதற்குள் சீ-லேண்டை விட்டு விலகியிருந்தார். இருந்தும் மெக்லீனிடம் சென்று பேசி, காப்புரிமையைக் கட்டணமின்றித் திறந்துவிடச் சம்மதிக்கவைத்தார். அதிலிருந்து திருத்தி உருவான வடிவமே சர்வதேசத் தரமாயிற்று. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் இந்தியாவின் முதல் தனிக் கண்டெய்னர் முனையம் திறந்தபோதும், இன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களிலும், அந்த வழிவந்த பூட்டே இருக்கிறது. நீளத்துக்கு 10, 20, 30, 40 அடிகளே தரமாக ஏற்கப்பட்டன. சீ-லேண்டின் 35 அடிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. தன் பூட்டை உலகுக்குக் கொடுத்த நிறுவனம், தன் ஆயிரக்கணக்கான பெட்டிகளின் நீளம் தரத்துக்குப் புறம்பானது என்ற நிலையையும் ஏற்க வேண்டியிருந்தது. அப்போதிருந்தே, பணம் வைத்திருக்கும் எவரும் சீ-லேண்டுக்குப் போட்டியாக வரலாம் என்றாகிவிட்டது.

1966 ஏப்ரலில் ஃபேர்லேண்ட் கப்பல் எலிசபெத்திலிருந்து ராட்டர்டாமுக்குப் புறப்பட்டது. பிரேமன், ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் என்று வழி நீண்டது. ஆனால் நிறுவனத்துக்கு உண்மையான பணம் கொடுத்தது வியட்நாம் போர். 1965இல் அமெரிக்கப் படைகள் பெருகியபோது சைகோன் துறைமுகம் திணறி, சரக்குக் கப்பல்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. மெக்லீன் நேரில் சென்று பார்த்து, தாம் செய்து காட்டுவதாக ராணுவத்தை விடாமல் வற்புறுத்தினார். 1967இல் ஏழு கப்பல்களுக்கு ஏறத்தாழ 7 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. ஆகஸ்டில் பியன்வில் என்ற கப்பல் 226 பெட்டிகளுடன் தா நாங் சேர்ந்தது. நவம்பரில் ஓக்லாந்து என்ற கப்பல் 609 பெட்டிகளுடன் கேம் ரான் விரிகுடாவுக்கு வந்தது. போர்முனைக்குச் செல்லும் சரக்குக்கு ராணுவம் கொடுத்த கட்டணத்திலேயே போக வர ஆகும் செலவு முழுவதும் அடங்கிவிட்டது. திரும்பும் பெட்டிகள் காலி.

லாரிக்காரர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? திரும்பும் வழியில் ஜப்பான் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டிகளையும் வானொலிகளையும் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யத் துடித்துக்கொண்டிருந்த நாடு அது. 1968இல் யோகோஹாமாவிலிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்குச் சீ-லேண்ட் சேவை தொடங்கியது. ரிட்டர்ன் லோடில் கிடைத்தது கிட்டத்தட்ட முழு லாபம். பசிபிக் வணிகத்தின் கண்டெய்னர் யுகம், ஒரு போரின் காலிப் பெட்டிகளை நிரப்பப் போய் வேகம் பிடித்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு சங்கடம் உண்டாகிறது.

1969இல் சிகரெட் நிறுவனமான ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சீ-லேண்டை 53 கோடி டாலருக்கு வாங்கியது. மெக்லீனுக்குக் கிடைத்தது 16 கோடி. கப்பலும் பெட்டியும் கிரேனும் விழுங்கும் முதலீட்டுக்குச் சிகரெட் பணம் ஈடுகொடுக்கும் என்பது எண்ணம். அந்தப் பணத்தில்தான் எஸ்.எல்-7 என்ற எட்டுக் கப்பல்கள் கட்டப்பட்டன. 33 நாட் (மணிக்குச் சுமார் 61 கிலோமீட்டர்) வேகத்தில், அக்காலச் சரக்குக் கப்பல்கள் எதையும் பின்னுக்குத் தள்ளும் அழகான கப்பல்கள். மெக்லீன் தம் முதல் கணக்கை இங்கே கைவிட்டார் என்று நான் நினைக்கிறேன். செலவு கரையில்தான் இருக்கிறது, கடலில் இல்லை என்று கண்டுபிடித்தவர், கடல் வேகத்துக்காகப் பெரும் பணத்தைக் கொட்டினார். 1972, 73இல் கப்பல்கள் வந்து சேர்ந்தன, 1973 முடிவதற்குள் எண்ணெய் விலை ஏறிவிட்டது. நிறுவனத்தால் அவற்றை லாபத்தில் ஓட்ட முடியவில்லை. 1980களின் தொடக்கத்தில் எட்டையும் அமெரிக்கக் கடற்படை வாங்கிக்கொண்டது.

மெக்லீன் 1977இல் ரெனால்ட்ஸ் இயக்குநர் குழுவிலிருந்து விலகி, அடுத்த ஆண்டு யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் என்ற போட்டி நிறுவனத்தை வாங்கினார். இம்முறை பாடம் கற்றவராக, மெதுவாகச் செல்லும், எரிபொருள் குறைவாகக் குடிக்கும் பன்னிரண்டு பெரிய கப்பல்களைத் தென்கொரியாவின் டேவூ தளத்தில் 57 கோடி டாலருக்குக் கட்டச் சொன்னார். அவை கிழக்கு நோக்கியே உலகைச் சுற்றிவரும். ஒரே திசையில் சுற்றினால் காலியாகத் திரும்பும் பயணம் என்பதே இருக்காது. ரிட்டர்ன் லோடு கணக்குக்கு இதைவிடத் துணிச்சலான விடையை யாரும் யோசித்ததில்லை. ஆனால் கப்பல்கள் ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எண்ணெய் விலை சரிந்தது. வேகமான கப்பல்களுக்கு மறுபடி மவுசு வந்தது. ஒரு துறைமுகத்தில் ஏற்பட்ட தாமதம் உலகம் முழுவதும் உள்ள அட்டவணையைக் குலைத்தது. 1986 நவம்பரில் நிறுவனம் 126 கோடி டாலர் கடனோடு திவால் மனு கொடுத்தது. அந்தப் பன்னிரண்டு கப்பல்களையும் 1988இல் 16 கோடி டாலருக்கு வாங்கியது சீ-லேண்ட். அவர் தொடங்கிய நிறுவனம், அவர் தோற்ற கப்பல்களை, கட்டிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பெற்று நன்றாகவே ஓட்டியது. விலை குறைந்தபின் அதே கப்பலின் கணக்குச் சரியாக வந்தது என்பதால், யோசனை தவறு என்று நான் சொல்லமாட்டேன். அதன்மேல் ஏற்றிய கடன்தான் தாங்கவில்லை.

பெயர் மறைந்த விவரம் சிறியது. ரெனால்ட்ஸ் 1984இல் சீ-லேண்டைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. 1986இல் சி.எஸ்.எக்ஸ் என்ற ரயில் நிறுவனம் வாங்கியது. முதலீட்டுப் பசி தீராத தொழில் அது; தரம் பொதுவாகிவிட்டதால் டென்மார்க்கின் மெர்ஸ்க், தைவானின் எவர்கிரீன் போன்றவை அதே பெட்டியை அதே பூட்டோடு இன்னும் பெரிய கப்பல்களில் ஏற்றின. 1990களில் மெர்ஸ்க்கோடு கப்பல் இடத்தைப் பகிர்ந்துகொண்டு சமாளித்த சீ-லேண்டின் சர்வதேசப் பிரிவு, 1999இல் 80 கோடி டாலருக்கு அதே மெர்ஸ்க்கிடம் விற்கப்பட்டது. மெர்ஸ்க் சீலேண்ட் என்ற பெயர் 2006 வரை நீடித்தது. பின்னர் பிராந்தியச் சேவைகளுக்கு மட்டும் சீலேண்ட் என்ற பெயரை மெர்ஸ்க் மீட்டெடுத்து, 2023இல் அதையும் தன் பெயருக்குள் இணைத்துக்கொள்வதாக அறிவித்தது. அமெரிக்க உள்நாட்டு வழித்தடங்கள் ஹொரைசன் லைன்ஸ் ஆகி, 2015இல் அதுவும் பிரிந்தது. 1964இல் சீ-லேண்ட் தொடங்கிய அலாஸ்கா சேவை அந்தப் பிரிவினையில் போய்ச் சேர்ந்த இடம், 24 அடிப் பெட்டி வைத்திருந்த அந்தப் பழைய மேட்சன் நிறுவனம்.